சேமிப்பும் கொல்லாமையும்: வீட்டு உணவின் அறம்

வீட்டுக்கு வேண்டிய உணவில் ஒரு பங்கை வீட்டிலேயே விளைவித்து, பக்குவம் செய்து, அடுத்த பருவத்துக்கு எடுத்து வைக்கும் வழக்கம் இரண்டு அறக் கேள்விகளை எழுப்புகிறது. நாளைக்கென்று சேர்த்து வைப்பது முறையா என்பது ஒன்று. முட்டைக்காகவும் கறிக்காகவும் ஓர் உயிரை வளர்ப்பது முறையா என்பது மற்றொன்று. கடையில் வாங்கிச் சாப்பிடுகிறவர்களுக்கும் இக்கேள்விகள் உண்டு. ஆனால் களஞ்சியமும் கத்தியும் அவர்கள் கண்ணில் படுவதில்லை. பரணில் ஊறுகாய் ஜாடியும் கொல்லையில் கோழியும் உள்ள வீட்டில் இவற்றைத் தள்ளிப்போட வழியில்லை.

புதுச்சேரியில் இந்தக் கேள்விகளுக்கான விடைகள் சில தெரு தூரத்துக்குள் அடுத்தடுத்து இருக்கின்றன. மிஷன் வீதியில் சம்பாக் கோயில், நகரின் தென்பகுதியில் முல்லா வீதியும் பள்ளிவாசல்களும், ஆடி மாதம் கூழ் வார்க்கும் அம்மன் கோயில்கள், 1926 முதல் அரவிந்தர் ஆசிரமம் எனப் பல சமயங்களின் அடுக்களைகள் இங்கே அக்கம்பக்கமாக இயங்குகின்றன. தெற்கே சுமார் 60 கிலோமீட்டரில் வள்ளலாரின் வடலூர். இன்னும் தெற்கே, புதுச்சேரி ஆட்சிப்பகுதியின் ஓர் அங்கமான காரைக்கால்.

துறவியின் விதி, இல்லறத்தாரின் விதி

சேமிப்பை முற்றாக விலக்கும் விதிகள் பெரும்பாலும் துறவிகளுக்கு விதிக்கப்பட்டவை. பௌத்த விநய நூல்களின்படி, பிட்சு ஏற்ற உணவை அன்று நண்பகலுக்குள் உண்டு முடிக்க வேண்டும். மறுநாளைக்கு வைத்து உண்டால் குற்றம். நெய், வெண்ணெய், எண்ணெய், தேன், வெல்லம் ஆகிய ஐந்தை மட்டும் மருந்தென்ற பெயரில் ஏழு நாள் வரை வைத்துக்கொள்ளலாம். புத்தர் மறைந்து ஏறக்குறைய நூறு ஆண்டுகளுக்குப் பிறகு வைசாலியில் கூடிய இரண்டாம் சங்கத்தில் பத்துப் பிரச்சினைகள் விவாதிக்கப்பட்டன. பிற்பாடு உதவும் என்று ஒரு பிட்சு கொம்புக்குள் உப்பை எடுத்து வைத்துக்கொள்ளலாமா என்பது அவற்றில் ஒன்று. கூடாது என்றே தீர்ப்பானது. ஒரு பிடி உப்புக்கு இத்தனை வாதம் நடந்ததற்குக் காரணம் உண்டு. நாளைக்கு என்று எடுத்து வைத்த அன்றே துறவி பிச்சைப் பாத்திரத்தைவிட்டு விலகத் தொடங்குகிறான்.

இல்லறத்தார் நிலை வேறு. மனுஸ்மிருதி நான்காம் அத்தியாயம் அந்தண இல்லறத்தாரை நான்காகப் பிரிக்கிறது: களஞ்சியம் நிறையத் தானியம் வைத்திருப்பவர், குடம் நிறைய வைத்திருப்பவர், மூன்று நாளுக்கு வைத்திருப்பவர், நாளைக்கென்று எதுவும் வைக்காதவர். பின்னால் சொல்லப்பட்டவரே முன்னவரைவிட உயர்ந்தவர் என்றும் அந்நூல் சொல்கிறது. ஆயினும் நால்வரும் இல்லறத்தாரே. சேமிப்பைக் குறைப்பது சிறப்பாகக் கொள்ளப்பட்டதே தவிர, சேமித்தவர் அறத்துக்குப் புறம்பாகிவிடவில்லை.

விவிலியத்திலும் இரண்டு குரல்கள் கேட்கின்றன. பாலைவனத்தில் பொழிந்த மன்னாவை மறுநாளைக்கு வைத்தவர்களிடம் அது புழுத்து நாறியது. ஓய்வுநாளுக்கு முந்தைய நாளில் மட்டும் இரட்டைப் பங்கு சேர்க்கலாம், அது கெடவில்லை என்கிறது யாத்திராகமம். விதைக்காமலும் களஞ்சியத்தில் சேர்க்காமலும் வாழும் பறவைகளைப் பாருங்கள் என்கிறது மத்தேயு நற்செய்தி. ஆதியாகமத்தில் யோசேப்பு நேர் எதிராக, விளைச்சல் செழித்த ஏழு ஆண்டுகளில் எகிப்தின் தானியத்தைச் சேர்த்து வைத்து, பஞ்சம் வந்த ஏழு ஆண்டுகளில் மக்களைக் காப்பாற்றுகிறான். லூக்கா நற்செய்தியில் கண்டிக்கப்படும் செல்வனும் களஞ்சியம் கட்டுகிறவன்தான். தனக்கு மட்டுமே கட்டினான் என்பதே அவன் மீதுள்ள குற்றச்சாட்டு.

இந்த வேறுபாட்டை மிகத் தெளிவாகக் காட்டுவது இஸ்லாமிய மரபில் குர்பானி இறைச்சி பற்றிய செய்தி. ஒரு பெருநாளில் வறியவர்கள் பலர் மதீனாவுக்கு வந்திருந்தார்கள். குர்பானி இறைச்சியை மூன்று நாளுக்கு மேல் வீட்டில் வைக்கக் கூடாது என்று நபிகள் தடுத்தார். அடுத்த ஆண்டு அந்த நெருக்கடி இல்லை. உண்ணுங்கள், கொடுங்கள், சேமித்தும் வையுங்கள் என்று தடை நீக்கப்பட்டது. தம் குடும்பத்துக்கு ஓராண்டு உணவை அவர் எடுத்து வைத்தார் என்றும், விலையேற்றத்துக்காகப் பதுக்குவது பாவம் என்று சொன்னார் என்றும் ஹதீஸ் தொகுப்புகள் பதிவு செய்கின்றன. பெருநாள் இறைச்சியில் மிஞ்சியதை உப்பும் மஞ்சளும் தடவி நூலில் கோத்து, மாடி வெயிலில் உப்புக்கண்டம் போடும் வீட்டுக்கு இந்த வரலாறு நேரடியாகப் பொருந்தும். அதே இறைச்சி, அதே உப்பு. சுற்றிலும் பசித்தவர் இருக்கிறாரா என்பதைப் பொறுத்துத்தான் அது சேமிப்பாகவோ பதுக்கலாகவோ ஆகிறது.

பழையதும் புளித்ததும்

சேமித்த உணவு தூய்மையானதா என்ற கேள்வி தனியானது. பகவத்கீதை பதினேழாம் அத்தியாயம் மிகு புளிப்பும் மிகு உப்பும் மிகு காரமும் கொண்டவற்றை இராஜச உணவு என்றும், இரவு கடந்து பழையதானவற்றைத் தாமச உணவு என்றும் வகைப்படுத்துகிறது. இந்த அளவுகோலில் ஊறுகாய் முதல் வகையிலும் பழைய சோறு இரண்டாம் வகையிலும் விழும். மனுஸ்மிருதி சற்று இறங்கி வருகிறது: புளித்தவற்றில் தயிரும் அதிலிருந்து வருபவையும், தூய பூ, கிழங்கு, கனிகளிலிருந்து எடுத்தவையும் விலக்கல்ல, நெய் அல்லது எண்ணெய் கலந்த உணவு இரவு கடந்திருந்தாலும் உண்ணலாம்.

இந்த விதிவிலக்குகளுக்கும் உணவு கெடாமலிருக்கும் முறைக்கும் உறவு உண்டு. உப்பு காயிலுள்ள நீரை உறிஞ்சி வெளியேற்றுகிறது. புளிப்பு ஏறிய கலவையில் நச்சுக் கிருமிகள் பெருகுவது தடைபடுகிறது. மேலே நிற்கும் எண்ணெய் காற்றை அண்டவிடுவதில்லை. புதுச்சேரி வீடுகளின் வடகத்தில் இம்மூன்றில் இரண்டும், கூடவே வெயிலும் சேர்கின்றன. இடித்த சின்ன வெங்காயம், பூண்டு, உளுந்து, கடுகு, வெந்தயம், சீரகம், கறிவேப்பிலை, மஞ்சள், உப்பு எல்லாவற்றையும் பிசைந்து ஓர் இரவு மூடி வைப்பார்கள். மறுநாள் உருண்டை பிடித்து வெயிலில் வைத்து, மாலையில் எடுத்து, உதிர்த்து, மறுபடி பிடித்து, நாள்தோறும் காயவிட்டு, விளக்கெண்ணெய் தடவிப் பானையில் போட்டுவிட்டால் ஆண்டு முழுவதும் தாளிப்புக்கு ஆகும். ஐப்பசி, கார்த்திகை மழையில் காயவைக்க முடியாது என்பதால் சித்திரை, வைகாசி வெயிலிலேயே வேலை முடிய வேண்டும். பிரெஞ்சுச் சமையலறைகளில் வதுவான் என்று பேர்பெற்ற மசாலாவுக்கு மூலம் இந்த வடகமே.

வழிபாட்டு வழக்கம் இவ்விஷயத்தில் நூல்களோடு ஒத்துப்போவதில்லை. ஆடியில் அம்மனுக்கு ஊற்றும் கேழ்வரகுக் கூழ் முதல் நாளே கரைத்துப் புளிக்கவைத்த மாவில் காய்ச்சப்படுவது. பல இடங்களில் அதற்குத் தொட்டுக்கொள்ளக் கருவாட்டுக் குழம்பு. ஏட்டில் தாமசம் எனப்பட்டது தெருவில் பிரசாதமாகிறது. உழைப்பாளிகளின் அன்றாட உணவைத் தெய்வத்துக்குப் படைத்துப் பிறகு ஊருக்கே ஊற்றும் இடத்தில், உணவின் வயது பொருட்படுத்தப்படுவதில்லை. அது எத்தனை பேருக்குப் போய்ச்சேர்கிறது என்பதே பார்க்கப்படுகிறது.

சேர்த்தது யாருக்கு உரியது

திருக்குறள் இல்லறத்தானின் கடமையை முன்னோர், தெய்வம், விருந்தினர், சுற்றத்தார், தான் என ஐந்தாகப் பகுக்கிறது. உழைத்துச் சேர்த்தவன் அதில் ஐந்தாம் பங்காளிதான்; விருந்தினர் அவனுக்கு முன்னால் நிற்கிறார். பெரியபுராணத்தின் இரண்டு வரலாறுகள் இந்த வரிசையை அதன் கடைசி எல்லைவரை கொண்டு போகின்றன. காரைக்காலில் வணிகன் பரமதத்தன் வீட்டுக்கு அனுப்பிய இரண்டு மாங்கனிகளில் ஒன்றை மனைவி புனிதவதி பசித்து வந்த சிவனடியாருக்கு இடுகிறார். கணவனுக்கென்று வைத்திருந்த கனி அது. பின்னாளில் காரைக்கால் அம்மையாரான இவரின் நினைவாக ஆனி மாதம் மாங்கனித் திருவிழா நடக்கிறது. இளையான்குடி மாற நாயனாரோ மழைபெய்யும் நள்ளிரவில் வந்த அடியாருக்குச் சோறிட, பகலில் வயலில் விதைத்த நெல்லையே வாரிவந்து அமுதாக்குகிறார். விதையை உண்பது அடுத்த ஆண்டின் சோற்றை இன்றே உண்பதாகும். இரு வரலாறுகளிலும் இறைவன் குறுக்கிட்டு அருள்புரிகிறான். அந்த அருள் இல்லாத வீட்டில் விதைநெல்லுக்கும் விருந்துக்கும் இடையே எதைத் தேர்வது என்ற கேள்வி திறந்தே கிடக்கிறது.

கொடைக்குப் பின்னால் வேறொருவர் படும் பாடும் உண்டு. பாரதியார் 1908 முதல் 1918 வரை புதுச்சேரியில் வாழ்ந்தபோது, சமையலுக்கு வைத்திருந்த அரிசியைக் குருவிகளுக்கு இறைத்துவிட்ட நிகழ்ச்சி அவர் மனைவி செல்லம்மாவின் நினைவுகளால் நிலைத்தது. பல்லுயிர் ஒருமைக்கு அது சான்றாகச் சொல்லப்படுகிறது. அன்றைக்கு உலையில் என்ன போடுவது என்ற கவலை செல்லம்மாவுடையது. கொடுப்பவரின் புகழை நூல்கள் பாடுகின்றன. புடைத்து, காயவைத்து, எண்ணி அளந்து வைத்தவரின் உழைப்பு அந்தக் கொடையின் பெரும்பகுதி என்பது அவற்றில் அரிதாகவே வருகிறது.

பங்கிடுதல் பொய்த்தால் என்ன நேரும் என்பதைப் புதுச்சேரி தன் வரலாற்றிலேயே கண்டது. 1760இல் ஆங்கிலேயப் படை நகரை முற்றுகையிட்டபோது, இருப்பு குறைந்ததும் பிரெஞ்சுத் தளபதி லாலி, போருக்கு உதவாத உள்ளூர் மக்கள் சுமார் 1400 பேரை ஆண், பெண், குழந்தை என்று பாராமல் கோட்டைக்கு வெளியே விரட்டினார். முற்றுகைப் படையும் முதலில் அவர்களைக் கடந்துபோக விடவில்லை. இரு படைகளுக்கும் இடையில் வெட்டவெளியில் நாட்கணக்கில் அவர்கள் புல்பூண்டைத் தேடித் தின்று கிடந்தார்கள், பிறகே வழிவிடப்பட்டது. நகருக்குள் யானை, குதிரை, ஒட்டகம், கடைசியில் நாய்வரை உணவாயின. 1761 ஜனவரி 16 அன்று நகரம் சரணடைந்தது. அந்நகரின் வாழ்வை நாட்குறிப்பாக எழுதிவந்த ஆனந்தரங்கப் பிள்ளை அதற்குச் சில நாள் முன்பே இறந்திருந்தார். படையின் கணக்கில் மக்களை வெளியேற்றியது சிக்கனம். உணவிருப்பை யாருக்காகக் காப்பது என்ற கேள்விக்கு அதிகாரம் தந்த விடையும் அதுவே.

கோழியும் களஞ்சியமும்

தானியம் சேர்க்கும் வழக்கமும் கோழி வளர்ப்பும் தொடக்கத்திலிருந்தே இணைந்தவை. 2022இல் வெளியான ஆய்வுகள், நெல்லும் தினையும் விளைந்த இடங்களுக்குக் காட்டுக்கோழிகள் தாமாக வந்து பழகியதாகக் கருதுகின்றன. வீட்டுக்கோழியின் மிகப் பழைய எலும்புகள் தாய்லாந்தின் பான் நோன் வாட் என்ற இடத்தில், கி.மு. 1650க்கும் 1250க்கும் இடைப்பட்ட அடுக்கில் கிடைத்தன. உணங்கல் கொத்த வரும் கோழியை விரட்டக் காதணியைக் கழற்றி எறியும் பெண்ணைச் சோழநாட்டுக் கடற்கரையில் பட்டினப்பாலை காட்டுகிறது. சிவப்புக் காட்டுக்கோழியே முதன்மை மூதாதை என்றாலும், வீட்டுக்கோழியின் மஞ்சள் தோலுக்கான மரபணு தென்னிந்தியச் சாம்பல் காட்டுக்கோழியிலிருந்து வந்தது என்று 2008இல் காட்டப்பட்டது. சாம்பல் காட்டுக்கோழியின் அறிவியற் பெயர் புதுச்சேரியில் பணியாற்றிய பிரெஞ்சு இயற்கையியலாளர் பியர் சொன்னராவின் பெயரைத் தாங்கியிருக்கிறது.

சமயத்தில் கோழிக்கு இரட்டை நிலை. சூரபதுமனின் உடலில் ஒரு பாதி சேவலாகி முருகனின் கொடியில் ஏறியது என்கிறது கந்தபுராணம். மனுஸ்மிருதியோ ஊர்க்கோழியை இருபிறப்பாளர் உண்ணலாகாத பட்டியலில் வெங்காயம், பூண்டோடு சேர்க்கிறது. கிறித்தவ மரபில் தவக்காலத்தில் இறைச்சியோடு முட்டையும் விலக்கப்பட்டிருந்தது. கோழிகள் தவக்காலம் பார்ப்பதில்லையாதலால் நாற்பது நாளில் குவிந்த முட்டைகள் உயிர்த்தெழுதல் பெருநாளில் பரிசாகவும் உணவாகவும் வெளிவந்தன. ஈஸ்டர் முட்டை வழக்கம் வேரூன்ற இது ஒரு காரணம்.

முட்டை உயிரா

சேவலோடு சேராத பெட்டையும் முட்டையிடும்; அது பொரிக்காது. கொல்லையில் சேவல் திரிந்தால் முட்டை கருக்கொண்டிருக்கலாம். அடைவைத்த ஏழாம் நாள் இருட்டில் முட்டையை விளக்கொளிக்கு நேரே பிடித்தால், கருவுள்ளதில் சிவந்த நரம்புகள் சிலந்திவலைபோல் பரவியிருக்கும். கூமுட்டையில் வெறும் மஞ்சள் நிழல்தான். கருவுள்ளது இருபத்தொன்றாம் நாள் பொரியும். இந்த வேறுபாட்டின் மீதே காந்தியின் கருத்து நிற்கிறது. 1942இல் ஆகா கான் மாளிகைச் சிறையில் உடல்நலம் பற்றி எழுதிய நூலில், பால் அருந்துகிறவர் கருவற்ற முட்டையை மறுக்க நியாயமில்லை என்றார்.

வள்ளலாரின் ஜீவகாருண்ய ஒழுக்கம் தாவர உணவைப் பற்றி இதே கேள்வியைக் கேட்டு விடை தேடுகிறது. மரம், பயிர்களிலும் உயிர் உண்டு. ஆனால் வித்து, காய், கனி, பூ, இலை ஆகியவற்றை எடுக்கையில், நகமும் மயிரும் களைவதுபோல, அவ்வுயிர் வதைபடுவதில்லை என்பது அவர் வாதம். வித்துக்குள் உயிர் விளங்குவதில்லை. நிலத்தில் இட்டால்தான் முளைக்கிறது. இந்த வாதத்தை நீட்டினால் கருவற்ற முட்டைக்கு அனுமதி கிடைக்கும்போலத் தோன்றும். ஆனால் அவர் வழிநிற்கும் சன்மார்க்கத்தார் முட்டையை விலக்கவே செய்கிறார்கள். முட்டையை எடுப்பதில் வதை இல்லை என்று ஒப்புக்கொண்டாலும், முட்டையிடுவதற்கென்றே ஒரு பறவையை வைத்திருப்பதில் வதை இல்லையா என்ற கேள்வி மீதம் இருக்கிறது.

கனமான பகுதி இங்கேதான். பொரிக்கும் குஞ்சுகளில் ஏறக்குறையப் பாதி சேவல். முட்டைக்கென்றே உருவாக்கிய கலப்பினங்களில் சேவற்குஞ்சு முட்டையும் தராது, கறிக்கும் தேறாது. உலகின் பெரும்பாலான குஞ்சுப்பொரிப்பகங்களில் அவை பிறந்த அன்றே கொல்லப்படுகின்றன. ஜெர்மனி 2022 தொடக்கத்தில் இதைத் தடைசெய்தது, பிரான்சும் பின்தொடர்ந்தது. கருவற்ற கடை முட்டை உயிரற்றது என்ற விடை இந்தக் கொலையைக் கணக்கில் எடுப்பதில்லை. சிறுவிடை, பெருவிடை போன்ற நாட்டுக்கோழி வளர்க்கும் வீட்டில் சேவற்குஞ்சும் வளர்கிறது. வளர்ந்தபின் ஒன்றோடொன்று சண்டையிடுகிறது. சந்தைக்கோ குழம்புக்கோ போகிறது. பெட்டைக்கும் சில ஆண்டுகளில் முட்டை குறைந்துவிடும். அதன்பின்னும் அது ஆண்டுக்கணக்கில் உயிர்வாழக்கூடியது. அந்த ஆண்டுகளுக்குத் தீனி போடுவதா, வேண்டாமா என்று முடிவெடுக்காமல் கோழி வளர்க்க முடியாது.

கொலைக்கு யார் பொறுப்பு

இந்திய மரபுகள் இதற்கு வெவ்வேறு விடை தருகின்றன. பௌத்த விநயம், தனக்காகக் கொல்லப்பட்டதைப் பார்க்காமலும் கேட்காமலும் ஐயுறாமலும் இருந்தால் பிட்சு இறைச்சியை ஏற்கலாம் என்கிறது. கொல்லையில் வளர்த்ததை அறுத்தவருக்கு இந்த மூன்று வாயிலும் அடைபடுகின்றன. மனுஸ்மிருதி, இசைவு தருபவன், துண்டுபோடுபவன், கொல்பவன், வாங்குபவன், விற்பவன், சமைப்பவன், பரிமாறுபவன், உண்பவன் என எல்லோரையுமே கொலையாளி என்கிறது. தின்பவர் இல்லையென்றால் விற்பவரும் இல்லை என்று திருக்குறள் பொறுப்பை உண்பவர் தலையில் வைக்கிறது. இஸ்லாமிய நெறி அறுப்பதை அனுமதித்து, இறைவன் பெயரைச் சொல்லவும், கத்தியைக் கூர்தீட்டவும், வதை குறைக்கவும் கட்டளையிடுகிறது. ஊர்த்தெய்வங்களுக்குக் கோழி நேர்ந்துவிடும் வழக்கத்தைச் சென்னை மாகாணம் 1950இல் சட்டத்தால் தடுத்தது. 2003இல் அச்சட்டத்தைக் கறாராக அமல்படுத்த உத்தரவு வந்ததும் எழுந்த எதிர்ப்பில், 2004இல் தமிழ்நாடு அதை நீக்கியது. வீட்டிலும் கடையிலும் அறுக்கலாம், கோயிலில் மட்டும் கூடாதா என்பது எதிர்த்தவர்களின் வாதங்களுள் ஒன்று.

அரவிந்தரின் அணுகுமுறை இன்னொரு கோணம். ஆசிரமத்தின் பொதுச் சமையலறை சைவம். அவருடைய கடிதங்களோ உணவுக்கு ஆன்மிகத்தில் மிகையான முக்கியத்துவம் தருவதை ஏற்கவில்லை. உணவின் மீதுள்ள ஆசையையே அவர் தடையாகக் கண்டார். வள்ளலாருக்கு எதிர் உயிரின் வேதனையே அளவுகோல். அரவிந்தருக்கு உண்பவரின் உள்நிலை. வளர்க்கப்படும் கோழியின் பக்கம் நின்று பார்த்தால் முதல் அளவுகோலே அதற்கு உதவும்.

காய்கறித் தோட்டம் மட்டும் வைப்பவர் இக்கேள்வியிலிருந்து முழுவதும் தப்பிவிடுவதில்லை. கத்தரியில் புழு எடுக்க வேண்டும். சேமித்த அரிசியில் வண்டு விழும். எலிக்குப் பொறி வைக்க வேண்டும். அடுப்பு, அம்மி, துடைப்பம், உரல், தண்ணீர்க்குடம் ஆகிய ஐந்தும் இல்லறத்தானின் ஐந்து கொலைக்களங்கள் என்று மனுஸ்மிருதி சொல்வது இதை உணர்ந்துதான். அதற்குக் கழுவாயாக அது விதிக்கும் ஐவகை வேள்விகளில் உயிர்களுக்கு உணவிடுவதும் விருந்தோம்பலும் அடங்கும். உயிர்க்கொலை தவிர்க்க முடியாத இடத்தில் அதைக் கடனாக ஏற்று, உணவளித்துத் தீர்ப்பது இதன் வழி. வள்ளுவர் கொல்லாமை அதிகாரத்திலேயே பகிர்ந்துண்டு பல உயிர்களைக் காப்பதை நூலோர் தொகுத்த அறங்களுக்கெல்லாம் தலையாயதாக வைப்பதும், வள்ளலார் புலால் மறுப்போடு நிற்காமல் 1867இல் வடலூரில் தருமச்சாலை அடுப்பை ஏற்றியதும் இதே இணைப்பையே காட்டுகின்றன.

எனவே முதலில் பிரித்துவைத்த இரண்டு கேள்விகளும் ஒரே இடத்தில் கூடுகின்றன. இல்லறத்தார் சேமிக்கலாம், அருகில் பசி இருக்கும்போது அந்த உரிமை சுருங்கும். முட்டையோ கறியோ ஏற்கலாமா என்பதில் மரபுகள் உடன்படவில்லை. ஆனால் வளர்த்தவரே அதன் முழு வாழ்வுக்கும் பொறுப்பு என்பதை எந்த மரபும் மறுக்கவில்லை. வீட்டளவில் செய்வதாலேயே ஒரு செயல் நல்லதாகிவிடாது: மொட்டைமாடிக் கூண்டில் இறக்கை விரிக்க இடமின்றி அடைபட்ட நான்கு கோழிகளும் வதைபடுபவையே. வளர்ப்பவர், கொல்பவர், உண்பவர், சேமிப்பவர், கொடுப்பவர் எல்லோரும் வீட்டில் ஒரே ஆளாக இருப்பதால், தீங்கை இன்னொருவர் கணக்கில் எழுத முடியாது. வீட்டு உணவுக்கு அறநோக்கில் உள்ள மேன்மை இவ்வளவே.